கையில் வாங்காதவள்

பெர்சிதா கோழியை வெட்டியதே இல்லை, பிரித்துத்தான் பழக்கம். எலும்பின் மேல் கத்தி மோதினால் அவளுக்குப் பல் கூசும். தொடையை வெளிப்பக்கமாக இழுத்துத் தோலில் ஒரு கீறல் போடுவாள். காலைப் பின்னால் மடக்கினால் மூட்டின் குமிழ் குழியிலிருந்து தெறித்து வெளியே வரும். அந்த இடுக்கில் கத்தி தானாக இறங்கிவிடும். பார்க்கிறவர்களுக்குக் கோழி தானே கழன்று கொடுப்பதுபோல் இருக்கும்.

அந்தக் கத்தி அவளுடைய அப்பாவுடையது. மொரவா ஆற்றுக்கு அக்கரையில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர் அவர். பத்தொன்பது வயதில் பெர்சிதா ஜிவானைக் கட்டிக்கொண்டு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில், நாற்பத்திரண்டு வருடம் கழித்து மிஞ்சியது அது ஒன்றுதான். தீட்டித் தீட்டி அலகு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

கத்தி யார் கையில் இருக்கிறதோ அவள்தான் பங்கு போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சூப்பிலிருந்து எடுத்த கறியை பெர்சிதா தட்டுகளில் வைக்கும்போது ஒருவரும் பேச மாட்டார்கள். நெஞ்சுக்கறி ஜிவானுக்கு. ஒரு தொடை அவன் தம்பி ஒப்ராத்துக்கு. இன்னொரு தொடை, வீட்டில் பிள்ளைகள் இருந்தவரை பிள்ளைகளுக்கு. அவர்கள் வெளியூர் போன பிறகு அதுவும் ஜிவானுக்கே. இறக்கை தனக்கு. ஒப்ராத்தின் மனைவி ரத்மிலாவுக்கு முதுகெலும்பு. முதுகெலும்பில் கறி இல்லாமல் இல்லை, தேடினால் இருக்கும். தேடட்டும் என்பது பெர்சிதாவின் எண்ணம்.

ஓரகத்திகள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இடப்பக்கம் இரண்டு அறை அண்ணன் குடும்பத்துக்கு, வலப்பக்கம் இரண்டு அறை தம்பி குடும்பத்துக்கு, நடுவில் அடுப்படி. மாமியார் இருந்தவரை அடுப்படி அவளுடையது. இருவரும் அவளுக்குக் கைவேலை செய்தார்கள், இருவரும் அவளைத் திட்டினார்கள், அதனால் ஒருவரையொருவர் திட்ட நேரமில்லை. அவள் அடுப்படி யாருக்கு என்று சொல்லாமலே செத்துப்போனாள். அதன் பிறகு பெர்சிதா உப்புப் போட்ட சூப்பில் ரத்மிலா இன்னொரு தடவை உப்புப் போட்டாள். ரத்மிலா பிசைந்து வைத்த மாவை பெர்சிதா குளிரில் தள்ளி வைத்தாள், அது உப்பவில்லை. ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் மற்றவள் மூடினாள்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, இரண்டு பேரும் ஒரே அகப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிளம் சாராயம் கொஞ்சம் உள்ளே போயிருந்த ஒப்ராத் தட்டிலிருந்து, கோழியின் கழுத்தடியில் கவண்போல் பிரிந்திருக்கும் கவட்டை எலும்பை எடுத்து மேசையில் போட்டான்.

"யாதட்ஸ் ஒடிங்க. தோத்தவ முத்தத்துக் கொட்டகைக்குப் போகட்டும். எங்களச் சாப்பிட விடுங்க" என்றான்.

யாதட்ஸ் குழந்தைகளின் விளையாட்டு. வழக்கமாக, காயவைத்த கவட்டை எலும்பை ஆளுக்கு ஒரு முனை பிடித்து ஒடித்ததும் பந்தயம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஒருவர் கையிலிருந்து மற்றவர் எதை வாங்கினாலும் "ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கிவிட்டால், கொடுத்தவர் "யாதட்ஸ்" என்று சொல்லிவிடுவார், தோற்றது தோற்றதுதான். மிட்டாய்க்கு விளையாடுவார்கள். சாயங்காலத்துக்குள் யாராவது மறந்து தோற்றுவிடுவார்கள்.

ஒப்ராத் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பெண்கள் இருவரும் சிரிக்கவில்லை. கொட்டகை என்பது பன்றிக்கொழுப்பு உருக்கவும் மிளகாய் சுடவும் மட்டும் பயன்பட்ட இடம். ஒரு சின்ன இரும்பு அடுப்பு, ஒரு மேசை, ஒரு முக்காலி, கதவிடுக்கில் காற்று. ரத்மிலா ஒரு முனையைப் பிடித்தாள், பெர்சிதா மற்றதைப் பிடித்தாள். எலும்பு ஒடிந்தது.

அது பதினொரு வருடம் நீண்டது.

முதல் மாதத்திலேயே இருவருக்கும் புரிந்துவிட்டது, கையில் எதுவும் வாங்காமல் இருப்பதே பத்திரம் என்று. உப்பு வேண்டுமென்றால் மேசையில் வைக்கச் சொன்னார்கள். துண்டு வேண்டுமென்றால் நாற்காலி முதுகில் போடச் சொன்னார்கள். மறக்கடிப்பதற்காக ஒருத்திக்கொருத்தி செய்ததை ஊரே பார்த்தது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "பிடிக்கா, கை சுடுது" என்று ரத்மிலா நீட்டுவாள். பெர்சிதா நிதானமாக "ஞாபகம் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் பிடிப்பாள். அதற்குள் ரத்மிலாவின் விரல் வெந்திருக்கும். ஒரு பிப்ரவரியில் ரத்மிலா முற்றத்துப் பனியில் வழுக்கி மல்லாந்து விழுந்தாள். பெர்சிதா ஓடிவந்து கை கொடுத்தாள். வலியில் முகம் கோணியிருந்தும் ரத்மிலா தரையில் கிடந்தபடியே "ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகுதான் கையைப் பற்றினாள். பெர்சிதாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பெர்சிதாவின் அண்ணன் இறந்தபோது நடந்ததை இன்றும் ஊரில் சொல்வார்கள். குழிமேட்டில் மெழுகுவத்தி கொடுத்துக்கொண்டு வந்தவள் ரத்மிலா. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக பெர்சிதாவிடம் வந்து, கண்ணீரோடு நீட்டினாள். கண்ணீர் நிஜமாகவே இருந்திருக்கலாம். பெர்சிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு "ஞாபகம் இருக்கு" என்றாள். பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ரத்மிலாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோதும் அதுவேதான். ஆறு நாள் குழந்தையை ரத்மிலா கொண்டுவந்து நீட்டினாள். பெர்சிதா குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கிறவளின் முகத்தைப் பார்த்தாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள், வாங்கினாள். பெற்றவள் அழுதுகொண்டே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

நாளாக ஆக அந்தச் சொல் பெர்சிதாவின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. தபால்காரன் கடிதம் கொடுத்தாலும் ஞாபகம் இருக்கு, கடைக்காரி மீதிச் சில்லறை கொடுத்தாலும் ஞாபகம் இருக்கு. கைமுறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாத்திரை நீட்டிய நர்ஸ், இந்த அம்மாவுக்கு மறதி நோய் பயம் போலிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாளாம்.

அந்தப் பதினொரு வருடமும் சமையல் நடந்தது, கோழி பிரிந்தது, முதுகெலும்பு ரத்மிலாவின் தட்டுக்குப் போனது. ரத்மிலா தேடித் தேடித் தின்றாள். தின்றுகொண்டே பெர்சிதாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேலையின் அழகைப் பார்த்து வயிறெரிகிறாள் என்றுதான் பெர்சிதா நினைத்திருந்தாள்.

மித்ரொவ்தான் என்ற திருநாள் வந்தது. அந்த வீட்டைக் காக்கும் புனிதரின் நாள் அது. அன்றைக்கு யாரையும் அழைப்பது கிடையாது; வருகிறவர்கள் வருவார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு இருக்க வேண்டும். அந்த வருடம் புதன், வெள்ளி விரதத்தில் விழாமல் சனிக்கிழமையாகப் போனதால் கறி சமைக்கத் தடையில்லை. முந்தைய நாளே ஆறு கோழி அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, இறகு பிடுங்கி, முழுசாகக் குளிரில் தொங்கவிட்டிருந்தார்கள். குடலைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அது பெர்சிதாவின் வேலை.

காலை ஏழு மணிக்குள் பெர்சிதா இரண்டு கோழியை முடித்துவிட்டாள். முதலில் கழுத்தடியில் கத்தி முனையைவிட்டுக் கவட்டை எலும்பை எடுத்தாள். அது வந்துவிட்டால் நெஞ்சுக்கறி சிதையாமல் வரும். பிறகு தொடை, இறக்கை, விலாவின் மெல்லிய கோட்டில் ஒரே இழுப்பு. ஈரலிலிருந்து பித்தப்பையைக் கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே அறுத்து எறிந்தாள். இரைப்பையைப் பிளந்து மஞ்சள் தோலை உரித்தாள். ரத்மிலா எதிரே முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதை நிறுத்திவிட்டு, நேரமாகிறது, ஒன்றைத் தானும் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

பதினொரு வருடத்தில் அவள் கோழியைத் தொட்டதில்லை. வேண்டாம் என்றாள் பெர்சிதா. ரத்மிலா கேட்காததுபோல் மூன்றாவது கோழியை எடுத்துத் தன் பக்கம் பலகையில் போட்டுக்கொண்டு, பன்றி எலும்பு உடைக்கும் வெட்டுக்கத்தியை எடுத்தாள்.

முதல் வெட்டு விழுந்தது. பெர்சிதாவின் தோள் துள்ளியது.

"அங்க மூட்டு இல்ல" என்றாள், நிமிராமல்.

"எல்லாம் வயித்துக்குள்ளதான போகப்போவுது."

இரண்டாவது வெட்டில் தொடை எலும்பு நடுவில் பிளந்தது. மூன்றாவது நெஞ்சின் மேல் விழுந்தது, நேராகக் கவட்டை எலும்பின் தலையில். அது நொறுங்கும் சத்தம் பெர்சிதாவுக்குத் தனியாகக் கேட்டது. தன் பலகையில் கண்ணை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. ரத்மிலா சின்னக் கத்தி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுக் குடைவது தெரிந்தது. பிறகு அந்த வாசனை வந்தது, கசப்பு வாசனை.

"இதென்னக்கா, பச்சையா என்னமோ வழியுது" என்று ரத்மிலா கோழியை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்கு மேலாக நீட்டினாள்.

பெர்சிதா கத்தியைப் போட்டுவிட்டு அதைப் பிடுங்கினாள். "பித்தப்பைய ஒடச்சிட்டியேடி பாவி, மொத்தமும் கசந்து போவும்" என்று குழாயடிக்கு ஓடினாள். தண்ணீரைத் திறந்து, உள்ளே கையைவிட்டு, பச்சை படிந்த இடத்தையெல்லாம் விரலால் வழித்து வழித்துக் கழுவினாள். தண்ணீர் ஐஸாக இருந்தது.

பின்னால் ரத்மிலா கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை.

"யாதட்ஸ், அக்கா" என்றாள்.

தண்ணீர்ச் சத்தத்தில் பெர்சிதாவுக்கு முதலில் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது கேட்டது. கோழி கையிலேயே இருந்தது. அப்போதுதான் ஈரலைத் திருப்பிப் பார்த்தாள். பித்தப்பை தற்செயலாகக் கிழிந்திருக்கவில்லை. கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல், நேராக, சுத்தமாக. அவ்வளவு நேர்த்தியாக ரத்மிலா வாழ்நாளில் எதையும் வெட்டியதில்லை.

"பிள்ளைய நீட்டினேன். சாவு வீட்டு மெழுகுவத்திய நீட்டினேன். நீ அசையல" என்றாள் ரத்மிலா. "ஒரு கோழி நாசமாப் போறத மட்டும் ஒன்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாதுன்னு கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருஷமாச்சு."

பெர்சிதா கோழியைத் தொட்டிக்குள் வைத்தாள். சண்டை போட இடமே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். இவ்வளவு நன்றாகச் செய்திருப்பாளா என்பதுதான் சந்தேகம். கையைக் கழுவினாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அப்பாவின் கத்தியைக் கழுவித் துடைத்துத் துண்டில் சுற்றினாள்.

"கத்தி எங்க போவுது?" என்றாள் ரத்மிலா.

"பந்தயம் அடுப்படிக்கு. கத்திக்கு இல்ல."

ரத்மிலா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பலகைமேல் மூன்று கோழி முழுசாகக் கிடந்தன.

பெர்சிதா நல்ல கவுனை உடுத்திக்கொண்டு, கூடத்தில் விருந்தாளிகள் உட்காரும் வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஜிவான் வந்து, பைத்தியமா பிடித்திருக்கிறது, இருபத்தைந்து பேர் வருகிற நாளில் விளையாட்டா, உள்ளே போய்க் கூடமாட நில் என்று சத்தம் போட்டான். தான் விருந்தாளி என்று சொல்லிவிட்டாள். நிலைக்கதவுக்கு அப்பாலிருந்து வெட்டுச் சத்தம் வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மடியில் இருந்த அவளுடைய கைகள் இறுகின. இதைக் கேட்பதற்குப் பதில் கொட்டகைக்கே போய்விடலாம் என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் உட்கார்ந்தாள்.

மதியம் வீடு நிறைந்தது. மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியைப் பிட்டு, எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக ஸ்ரெதோயே. அண்ணன் தம்பி இரண்டு பேர் கல்யாணத்துக்கும் சாட்சி நின்றவர் என்பதால் அவருக்குத்தான் முதல் தட்டு. பிறகு ரத்மிலா ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்தாள். பெர்சிதாவிடம் வந்து, எல்லாரும் கேட்கும்படி, "விருந்தாளிக்குத் தொடைக்கறி" என்று தட்டை நீட்டினாள்.

நாற்பத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் பெர்சிதா தொடை தின்றதில்லை. வீட்டுப் பெண்ணுக்குத் தொடை கிடையாது, விருந்தாளியாக வரும் பெண்ணுக்குத்தான். தட்டில் எண்ணெய் மினுங்க அது கிடந்தது.

"ஞாபகம் இருக்கு" என்றபடி வாங்கினாள். பழக்கம்.

கூடம் முழுவதும் சிரித்தது. "இனிமே சொல்ல வேண்டாங்க்கா. முடிஞ்சு போச்சு" என்று ரத்மிலா குனிந்து, மெல்லச் சொன்னாள். அப்படிச் சொன்னதுதான் சிரிப்பைவிட உறைத்தது.

பெர்சிதா தின்னத் தொடங்கினாள். முதல் வாயிலேயே எலும்புச் சில்லு. அதை நாக்கால் தள்ளி எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். இரண்டாவது வாயில் இன்னொன்று. அதையும் பக்கத்தில் வைத்தாள், முதலாவதுக்கு நேராக. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் தட்டைக் கிளறிப் பார்த்தார்கள். ஐந்தாவதை அவள் வரிசையில் வைத்தபோது ஸ்ரெதோயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து ஊசிபோல் ஒன்றை உருவினார். வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்மிலா, இந்த வருஷம் கோழிய வெட்டினியா, வெடி வெச்சுப் பொளந்தியா?" என்றார்.

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ரத்மிலாவின் கழுத்து சிவந்தது. ஒப்ராத் தலையைத் தூக்கவே இல்லை. பெர்சிதா தொடையைக் கடைசிவரை தின்று முடித்தாள். மொத்தம் ஒன்பது சில்லு இருந்தன. தட்டை எடுக்க வந்த ரத்மிலா அதை அப்படியே எல்லார் முன்னாலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

விருந்தாளிகள் போனதும் பெர்சிதா தன் சாமானைக் கொட்டகைக்கு மாற்றினாள். ஒரு பாத்திரம், உப்பு டப்பா, இரண்டு தட்டு, பலகை. நான்கு நடை. ஜிவான் உதவிக்கு வரவில்லை, ஆனால் விறகு கொண்டுவந்து போட்டான். இரும்பு அடுப்பு புகைந்தது. அடுப்படியின் ஜன்னல் முற்றத்துக்கு எதிரே இருந்தது. அதைப் பார்க்காதபடி முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அடுப்படியில் விட்டுவந்த அடுப்பின் எந்தத் தட்டு சீக்கிரம் சூடாகும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ரத்மிலாவுக்கும் தெரியும் என்பதுதான் ஆறவில்லை.

புனிதர் நாளுக்கு மறுநாளும் ஆள் வருவது உண்டு. காலை எட்டு மணிக்குக் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. ரத்மிலா நின்றாள். இரண்டு கையிலும் ஒரு பெரிய தட்டு; தட்டில் ஆறாவது கோழி, முழுசாக.

"ஒப்ராத் வேல செய்யிற ஆலைலேர்ந்து பத்துப் பேர் வர்றாங்களாம்" என்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடி, "நேத்து மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொல்றாரு" என்றாள்.

பெர்சிதா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மடியிலேயே இருந்தது.

"பந்தயந்தான் முடிஞ்சு போச்சேக்கா. ஒண்ணும் சொல்லாமயே வாங்கிக்கலாம்."

"மேசைல வை."

ரத்மிலா நீட்டிய கையை எடுக்கவில்லை. தட்டு கனமானது, அவள் முழங்கை நடுங்கத் தொடங்கியதை பெர்சிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தட்டு மேசைக்கு வந்தது.

"பிரிச்சுத் தரேன்" என்றாள் பெர்சிதா. "ஆனா எது யாருக்குன்னு நான்தான் சொல்லுவேன்."

"எனக்கு முதுகெலும்பு. அதான?"

"ஆமா."

ரத்மிலா வாசலிலேயே நின்றாள். எலும்புச் சில்லோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்னும் அவள் முகத்தில் இருந்தது. "சரி" என்றாள்.

பெர்சிதா துண்டைப் பிரித்துக் கத்தியை எடுத்தாள். கழுத்தடித் தோலை விலக்கி, முனையை உள்ளே விட்டு, ஒரு பக்கம் கீறினாள், மறுபக்கம் கீறினாள். இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் கவட்டை எலும்பு ஒரு நார் ஒட்டாமல் முழுசாக வந்தது. அதைத் துணியில் துடைத்தாள். இரும்பு அடுப்பின் மேல்தட்டில், சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றாள் ரத்மிலா.

"காயட்டும்" என்று சொல்லிவிட்டு பெர்சிதா தொடையை வெளிப்பக்கமாக இழுத்தாள்.